எந்த ஊர்க்காரர்?

ஊரைவிட்டுப் போய்ப் பெரிய ஆளானவர் யாருக்குச் சொந்தம்? பிறந்த ஊருக்கா, பிழைத்த ஊருக்கா? ஆஸ்திரேலியாவின் ரக்பி லீக் ஆட்டத்தில் இதற்கு ஒரு விதியே உண்டு. ஆர்தர் பீட்சனை நினைக்காமல் அதைப் பற்றிப் பேச முடியாது.

குயின்ஸ்லாந்து மாநிலத்தில், பிரிஸ்பேனுக்கு மேற்கே ஏறத்தாழ 480 கி.மீ. தள்ளி இருக்கிறது ரோமா. மாட்டுச் சந்தைக்குப் பேர்போன ஊர். 1945இல் அங்கே பிறந்த பீட்சன், உள்ளூர்ப் பையன்களோடு ஆடி, ரெட்கிளிஃப் அணிக்கு வந்து, 1966இல் சிட்னியின் பால்மெய்ன் கிளப்பில் சேர்ந்தார். அதே ஆண்டு நாட்டு அணியிலும் இடம் கிடைத்தது. ஆள் ஆஜானுபாகு. ஆனால் ரசிகர்கள் பேசியது அவர் கையைப் பற்றித்தான். இரண்டு மூன்று பேர் கட்டிப்பிடித்துச் சாய்க்கும்போதும் பந்துள்ள கை மட்டும் வெளியே நீளும். அவர் தரையில் விழுவதற்குள் பந்து கூட்டாளியிடம் போயிருக்கும்.

பீட்சன் பழங்குடி வழி வந்தவர். பழங்குடியினரை மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்ற பிரிவு, 1967 வாக்கெடுப்பு வரை ஆஸ்திரேலிய அரசியல் சட்டத்தில் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டே அவர் நாட்டுக்காக ஆடிவிட்டார். 1973இல் அணித்தலைவர். எந்த விளையாட்டிலும் ஆஸ்திரேலியாவுக்குத் தலைமை தாங்கிய முதல் பழங்குடி வீரர் அவர்தான். இதை வெறும் வெற்றிக் கதையாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை; அவரைப் போன்றவர்கள் ஊரைவிட்டுப் போன கதையும் இதில் இருக்கிறது.

சிட்னியில் பணம் இருந்தது. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் கிளப்புகள் 1956 முதல் சூதாட்ட இயந்திரங்களைச் சட்டப்படி வைத்துக்கொண்டன. குயின்ஸ்லாந்துக்கு அந்த வரும்படி இல்லை. நல்ல ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகத் தெற்கே போனார்கள். மாநிலங்கள் மோதும்போது, எந்த மாநிலக் கிளப்பில் ஆடுகிறாரோ அந்த மாநிலத்துக்கே ஆட வேண்டும் என்பது அன்றைய விதி. குயின்ஸ்லாந்து வளர்த்த பிள்ளைகளே எதிரில் நின்று அதைத் தோற்கடித்தார்கள். பீட்சனும் நியூ சவுத் வேல்ஸுக்கு ஆடியவர்தான்.

1980 ஜூலை 8 அன்று, எங்கே ஆடத் தொடங்கினாரோ அந்த மாநிலத்துக்கே ஆடட்டும் என்று ஓர் ஆட்டத்தை மட்டும் நடத்திப் பார்த்தார்கள். சிட்னியில் பலர் சிரித்தார்கள். அப்போது பீட்சனுக்கு 35 வயது; பராமட்டா கிளப்பின் இரண்டாம் நிலை அணியில் இருந்தார். அவரைக் குயின்ஸ்லாந்தின் தலைவராக்கினார்கள். லாங் பார்க் மைதானத்தில் 33,000 பேருக்கு மேல் கூடினார்கள். எதிரணியில் இருந்த தன் கிளப் தோழர் மிக் க்ரோனின் மீதே அவர் முரட்டுத்தனமாக மோதியது இன்றும் பேச்சு. 20–10 என்று குயின்ஸ்லாந்து ஜெயித்தது.

எனக்கு அந்த விதியில் பிடித்தது அதன் அளவு. சம்பளம் தரும் கிளப்பை விட்டுவிட்டு வா என்று அது கேட்பதில்லை. சோதனையாகத் தொடங்கியது நிலைத்து, 1982 முதல் ஆண்டுக்கு மூன்று ஆட்டம் ஆனது. மற்ற நாளெல்லாம் சிட்னிக்காரராகவே இருந்துகொள்ளலாம். ஊர்கள் பொதுவாக இப்படி அளந்து கேட்பதில்லை. ஜெயித்தவனை முழுசாகக் கேட்கும், தோற்றுத் திரும்பியவனைத் திண்ணையில்கூட ஏற்றாது. அந்தக் குணம் இந்த விதிக்கும் கொஞ்சம் உண்டு. ரோமாவில் பந்து தொட்ட எல்லாருக்கும் அழைப்பு வரவில்லை. பீட்சனுக்கு வந்ததற்குக் காரணம் ஊர்ப்பாசம் மட்டுமல்ல. அந்த வயதிலும் அவரால் ஓர் ஆட்டத்தை ஜெயித்துத் தர முடியும் என்று தேர்வாளர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள்.