தாகம் பார்க்கும் பயணம்

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் குடும்பத்தோடு வெளியூர் போவதென்றால் அது மே மாதம்தான். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்திருக்கும். ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள் சேர்த்து வைத்த லீவை அப்போதுதான் கேட்பார்கள். இந்த முறை எங்கள் வீட்டில் முதுமலை என்று முடிவானது. 2023-இல் ஆஸ்கர் வாங்கிய ‘தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்’ படத்தில் பொம்மனும் பெள்ளியும் வளர்த்த குட்டி யானை ரகுவைப் பார்த்ததிலிருந்து, பிள்ளைகள் முதுமலையில் யானை முகாம் இருக்கும் தெப்பக்காட்டின் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூரு, மைசூரு, குண்டல்பேட்டை, பந்திப்பூர் வழியாக ஏறக்குறைய 400 கி.மீ. வேன் பிடித்தால் அத்தை, மாமா, கொழுந்தனார் குடும்பம் எல்லோரும் போகலாம். பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறக்கும். 2009-லிருந்து அந்தக் கட்டுப்பாடு இருக்கிறது. நீலகிரி மாவட்டத்துக்கு இ-பாஸ் வேண்டும். இந்தக் கணக்கெல்லாம் சுலபமாக முடிந்தது. என்னை யோசிக்க வைத்தது வேன் ஓட்டுநர் சொன்னதுதான்: “மே மாசம்தாம்மா சரியான நேரம். காட்டுல தண்ணி இருக்காது. மிருகமெல்லாம் குட்டைக்குத் தானா வந்து நிக்கும், நல்லா பார்க்கலாம்.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. முதுமலையின் பெரும்பகுதி இலையுதிர் காடு. மசினகுடிப் பக்கம் போகப் போக முட்காடு. பிப்ரவரி தொடங்கினாலே இலைகள் கொட்டிப் புல் காய்ந்துவிடும். ஓடைகள் வற்றும். வனத்துறை லாரியில் தண்ணீர் கொண்டுபோய்த் தொட்டிகளை நிரப்பும், தீ பரவாமலிருக்கக் கோடு வெட்டும். அப்படியும் 2019 பிப்ரவரியில் பந்திப்பூர் பற்றி எரிந்தது. வளர்ந்த யானை ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கு மேல் குடிக்கும். அது அந்தத் தொட்டியைத் தேடி வருகிற வழியில்தான் எங்கள் வேன் நிற்கப் போகிறது. நமக்கு விடுமுறை வருகிற மாதங்கள் காட்டுக்குப் பஞ்ச மாதங்கள். கோடையில் மிருகம் கண்ணில் படுகிறதென்றால் அதன் தாகம் கண்ணில் படுகிறது என்றுதான் அர்த்தம்.

பாலாற்றங்கரைக்காரர்களுக்குத் தாகம் புதிதில்லை. பாலாறு வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் மணலாகத்தான் கிடக்கிறது. தோல் பதனிடும் ஆலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்டது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போனதை, 1996 ஆகஸ்ட் 28 அன்று சொன்ன தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே குறிப்பிட்டது. அந்தத் தோல்தான் எங்களுக்குச் சோறும் போட்டது, அதையும் நான் மறைக்க மாட்டேன். கிணறு உப்பாகிப்போன அந்தக் காலத்தில் அத்தை குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றிருக்கிறார். அந்த வரிசையை யாராவது டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து படம் பிடித்திருந்தால் எங்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

பேரணாம்பட்டுப் பக்கம் மாமாவின் உறவினர் ஒருவருக்கு மாந்தோப்பு இருக்கிறது. 1980-களில் ஓசூர்ப் பக்கத்துக் காடுகளிலிருந்து யானைகள் இங்குள்ள ஆந்திர எல்லை மலைகளுக்கு வந்தன. ஆந்திர அரசு 1990-இல் பலமநேர், குப்பம் பக்கத்துக் காட்டைக் கவுண்டின்யா சரணாலயமாக அறிவித்தது. யானைக்கு மாநில எல்லை தெரியாது. மாங்காய் முற்றும் நேரத்தில் குடியாத்தம், பேரணாம்பட்டுத் தோப்புகளுக்கு இறங்கிவிடும். டார்ச்சும் பட்டாசுமாக விடிய விடியக் காவல் இருப்பார்கள். எங்கள் பயணத்தைச் சொன்னபோது அவர், “பசியோட வர்ற யானைய நான் பக்கத்துல பார்த்திருக்கேம்மா. பிள்ளைங்களுக்கு அதைக் காட்டாதே” என்றார். யானையால் நஷ்டப்பட்ட மனிதர் யானைக்காக வருத்தப்பட்டுச் சொன்னது அது.

வீட்டில் எதிர்ப்பு இருந்தது. மே மாதத்தை விட்டால் லீவு கிடைக்காது என்றார் என் கணவர். அங்கே ஜீப் ஓட்டுகிறவர்களும் வழிகாட்டிகளும் சீசனை நம்பித்தானே இருக்கிறார்கள் என்றார் கொழுந்தனார். இரண்டுமே நியாயம். எல்லோரும் ஒரே மாதத்தில் போய்க் குவியாமல் மழைக்குப் பிறகும் போனால் அவர்களுக்கு இன்னும் சில மாதம் வருமானம் வரும் என்று நான் சொன்னேன். காலாண்டு விடுமுறையும் ஆயுத பூஜையும் பெரும்பாலும் அடுத்தடுத்து வருகின்றன. பூஜைக்குக் கம்பெனி எப்படியும் மூடும். தென்மேற்குப் பருவமழை பெய்து முடிந்து மாயாற்றில் தண்ணீர் ஓடும் நேரம் அது.

அப்போது போனால் புல் ஆளுயரம் நிற்கும், மிருகம் கண்ணில் படாமலே போகலாம். அவ்வளவு தூரம் போய் ஒன்றும் பார்க்காமல் வருவதா என்று பெரியவள் கேட்டாள். அவளுக்குப் பதில் சொன்னது அத்தைதான்: “திருப்பதியில நாள் முழுக்க நின்னு ஒரு நிமிஷம்கூட சாமியப் பார்க்கிறதில்ல. மனசு நிறைஞ்சுதானே திரும்பி வர்றோம்?”

ஆயுத பூஜைக்கு வேனை மாற்றிச் சொல்லியாயிற்று. தெப்பக்காட்டு முகாமில் காலையும் மாலையும் யானைகளுக்கு உணவு கொடுப்பார்கள், அதைப் பிள்ளைகள் பார்க்கலாம். காட்டுக்குள் ஒரே ஒரு சுற்று, அதுவும் வனத்துறை வண்டியில். எங்கள் வேன் காட்டுச் சாலையில் எங்கேயும் நிற்காது என்று ஓட்டுநரிடம் முன்பே பேசிவிட்டேன். சரி என்றார். மே மாதத்துக்குப் பிள்ளைகள் என் அம்மா வீட்டுக்குப் போகிறார்கள். சின்னவன் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறான்.