இலைச்சாறும் சாட்சியமும்

தாமிரபரணி நீரையே நம்பியிருக்கும் தூத்துக்குடி நகரில், குழாயில் தண்ணீர் வராத நாட்களுக்கென்று குடத்திலும் தொட்டியிலும் டிரம்மிலும் சேர்த்து வைக்கப்படும் நல்ல தண்ணீரிலேயே ஏடிஸ் கொசு முட்டையிட்டுப் பெருகுவதும், ஐப்பசி மழையை ஒட்டி டெங்குக் காய்ச்சல் தலைகாட்டுவதும், இரத்தத்தில் பிளேட்லெட் குறைந்தால் பப்பாளி இலைச்சாறு போதும், ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம் என்னும் செய்தி கைப்பேசி விட்டுக் கைப்பேசி தாவுவதும் வழக்கமாகிவிட்டன. அதை அனுப்புகிறவர் பெரும்பாலும் ஆதாயம் தேடுகிறவர் அல்லர். அண்டை வீட்டார் நலத்தில் மெய்யான கரிசனம் உள்ளவர். அத்தகையவர் நல்லெண்ணத்தோடு அனுப்பிய செய்தி பிழையாயிருந்து, அதை நம்பிய வீட்டில் ஓர் உயிர் போகுமானால், அவர்மீது தோஷம் உண்டா என்பதே விசாரிக்கத்தக்க விஷயம்.

முதலில் இரத்தத்தின் நிலையை அறிந்துகொள்ள வேண்டும். ஆரோக்கியமான உடலில் ஒரு மைக்ரோ லிட்டர் இரத்தத்துக்கு ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்கும் பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்கள், டெங்குவில் இருபதாயிரத்துக்கும் கீழே இறங்குவதுண்டு. பரிசோதனைச் சீட்டில் அந்த எண்ணைக் கண்டதும் குடும்பமே கலங்கிப் போகிறது. ஆயினும் டெங்குவில் உயிருக்குப் பெரும்பாலும் ஆபத்தாய் முடிவது அந்த எண் அன்று; நுண்ணிய இரத்த நாளங்களின் சுவர் நெகிழ்ந்து, இரத்தத்தின் நீர்ப்பகுதியாகிய பிளாஸ்மா வெளியே கசிந்து, இரத்தம் தடித்து, நாடி தளர்ந்து போவதே ஆகும். அதுவும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் தணிந்து, ‘இனி பயமில்லை’ என்று வீட்டார் ஆறுதல் கொள்ளும் வேளையிலேதான் நேர்கிறது. அந்தக் கண்டத்தைக் கடந்தவர்க்கோ, எந்தச் சாறும் அருந்தாமலே ஓரிரு நாட்களில் தட்டணுக்கள் தாமாக ஏறத் தொடங்கும். ஆகவே ஐந்தாம் நாள் சாறு குடித்தவருக்கு ஏழாம் நாள் எண் உயர்ந்தது வாஸ்தவமே. சாற்றினால் உயர்ந்தது என்பதற்கு அது பிரமாணமாகாது.

முத்துக்குளிப்பை அறிந்த இக்கடற்கரைக்கு இந்த நியாயம் புதிதன்று. சர்க்கார் நடத்திய முத்துக்குளிப்பின் கடைசித் தொடர் 1955 முதல் 1961 வரை நடந்தது. முத்துச்சிப்பி படிந்த கடலடித் திட்டாகிய பாரில் மூழ்கிய ஒருவனுக்கு ஆணிமுத்து அகப்பட்டது என்ற பேச்சைக் கேட்டு எவரும் குளிப்பை அறிவித்துவிட்டதில்லை. பாரிலிருந்து ஆயிரக்கணக்கில் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, முத்துள்ள சிப்பியோடு முத்தில்லாச் சிப்பியையும் கணக்கில் சேர்த்து மதிப்பிட்ட பின்னரே, அந்தப் பார் குளிக்கத் தகுந்ததா என்று தீர்மானித்தார்கள். கைப்பேசிச் செய்தியில் இல்லாதது முத்தில்லாச் சிப்பியின் இந்தக் கணக்குத்தான். சாறு குடித்துப் பிழைத்தவர் சாட்சி சொல்கிறார். குடித்தும் பிழையாதவர் சாட்சி சொல்ல வருவதில்லை.

மெய்யான ஆராய்ச்சி அறவே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. 2013இல் மலேசியாவில் 228 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வில், இச்சாறு அருந்தியவர்களின் தட்டணுக்கள் சற்று விரைவாக ஏறியதாகக் கண்டனர். எண் ஏறியது என்பது வேறு, மரணம் தவிர்ந்தது என்பது வேறு. பின்னதை அந்த ஆய்வு நிறுவவில்லை. இவ்வளவையும் விட்டுவிட்டு ‘விஞ்ஞானிகளே நிரூபித்துவிட்டார்கள்’ என்று ஒரு வரியில் எழுதுகிறவர் பொய் சொல்லவில்லை எனினும், மெய்யும் சொல்லவில்லை.

பழியை எளிய ஜனங்களின்மீது மட்டும் சுமத்துவது நீதியன்று. எண்ணைக் கண்டு அஞ்சித் தட்டணு ஏற்றும்படி மருத்துவரை நெருக்குகிறவர்களில் படித்தவர்களும் உண்டு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்து 2017இல் வெளியான ஆய்வொன்றிலோ, இரத்தப்போக்கு இல்லாத டெங்கு நோயாளிகளுக்கு முன்னெச்சரிக்கையாகத் தட்டணு ஏற்றுவதால் இரத்தப்போக்கு தடைப்படவில்லை என்றும், ஒவ்வாமை முதலிய தீங்குகளே கூடின என்றும் தெரியவந்தது. 2012இல் நெல்லைச் சீமையைக் கடுமையாக வாட்டிய டெங்குவுக்குத் தமிழ்நாட்டில் 66 பேர் பலியானதாக அரசுக் கணக்கு கூறுகிறது. அந்நாளில் சித்த மருந்தாகிய நிலவேம்புக் குடிநீரையும் பப்பாளி இலைச்சாற்றையும் அரசாங்கமே பரிந்துரைத்தது. 2017 அக்டோபரில், ஆராய்ச்சி முடிவு தெரியும்வரை நிலவேம்புக் குடிநீர் விநியோகிக்க வேண்டாம் என்று தம் ரசிகர்களைக் கேட்டுக்கொண்ட நடிகர் கமல்ஹாசன்மீது காவல்துறையில் புகார் கொடுக்கப்பட்டது. பிரமாணம் கேட்பது சித்த வைத்தியத்துக்கு இழைக்கும் அவமதிப்பு என்று கருதும் மனப்பான்மை அந்த வைத்தியத்துக்கே நன்மை செய்வதன்று. சோதனைக்கு உட்பட்டுத் தேறிய மருந்துக்கு வாதாட ஆள் வேண்டியதில்லை.

எனவே தோஷம் உண்டு. ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் அன்று. உப்பளத்தில் நாட்கூலிக்கு உப்பு வாரும் ஒரு தாய், தான் கேட்டதைத் தன் தங்கைக்குச் சொல்வதற்கும், பட்டமும் செல்வாக்கும் உடையவர் அதையே ஆயிரம் பேருக்கு அனுப்புவதற்கும் உள்ள தூரம் பெரிது. ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குச் சென்றால் ஒரு நாள் கூலி போய்விடும் என்ற வீட்டில், ‘அலைய வேண்டாம்’ என்ற சொல் எவ்வளவு இனிக்கும் என்பதை அனுப்புகிறவர் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவர். சாற்றின் கசப்பினால் எவரும் சாவதில்லை. அதை நம்பிக் கழித்த இரண்டு நாட்களே கொல்கின்றன. தீராத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், மிகுந்த சோர்வு ஆகியவற்றில் ஒன்று தோன்றினும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்க என்பதையும், ஆஸ்பிரின், இபுபுரோஃபன் போன்ற வலிமாத்திரைகளைத் தொடற்க என்பதையும் சொல்லாத செய்தி, அதன் வாக்கியங்கள் அனைத்தும் மெய்யாயிருப்பினும் குறையுள்ளதே.

பிழையை உணர்ந்தபின் தம் கைப்பேசியிலிருந்து அச்செய்தியை அழித்துவிடுவதோடு கடமை தீர்ந்ததாகப் பலர் கருதுகின்றனர். வியப்பூட்டும் செய்தி ஓடும் வேகத்தில் அதன் திருத்தம் ஓடுவதில்லை. ஆதலால் யார் யாருக்கு அனுப்பினாரோ அவர்களைத் தேடிச் சென்றேனும், காய்ச்சல் விட்ட வீட்டில் இன்னும் இரண்டு நாள் நோயாளியை விழிப்போடு கவனிக்கும்படி சொல்லிவருவது அனுப்பியவரையே சாரும்.