நெருக்கத்தின் அடையாளம்

இயேசுவோடு எனக்கு நெருக்கம் உண்டா? இப்படிக் கேட்டதும், ஜெபத்தில் கண்ணீர் வந்ததா, பாட்டில் மனம் உருகியதா என்றுதான் பார்க்கிறோம். ஆனால் அந்த நெருக்கத்துக்கு வேறோர் அடையாளமும் உண்டு.

கொல்லிமலையில் ஊழியம் செய்த ஜெஸ்ஸி பிராண்ட், நரம்புச் சிலந்தி என்னும் புழு நோயால் தவித்தவர்களின் காலருகே உட்கார்ந்து, புண்ணிலிருந்து வெளிவரும் புழுவை அறுந்துவிடாமல் ஒரு குச்சியில் நாளுக்குக் கொஞ்சமாகச் சுற்றி எடுப்பார். 1929-இல் கருநீர்க் காய்ச்சல் அவர் உயிரைப் பறித்தது. அவர் மனைவி எவ்லின், மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும், எழுபதை ஒட்டிய வயதில் தாமாகவே மலையேறி வந்தார்; மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போனார். 1974-இல், 95 வயதில் இறந்தபோது, கணவரின் கல்லறை அருகிலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள்.

உணர்ச்சி வரும், போகும். ஆண்டவரோடு உள்ள உறவு ஆழப்பட ஆழப்பட, அவர் நேசிக்கிறவர்களிடம் நம் கால்கள் தாமாகவே போகும். ஜெபம் அந்த உறவின் வேர் என்றால், இரக்கம் அதன் கனி.

இன்று ஜெபித்து எழுந்ததும், ஆண்டவர் நினைவூட்டும் ஒருவரை நேரில் போய்ப் பாருங்கள்.