ஓய்வுநாள் யாருக்கு?

ஓய்வுநாள் சனியா, ஞாயிறா என ரவாங் கிறிஸ்தவர்களாகிய நாம் வழக்காடுவதுண்டு. அன்று இளைப்பாறுவோர் யார் என்பதையன்றோ முதலில் கேட்டல் வேண்டும்?

யாத்திராகமம் ஓய்வுநாளுக்குச் சிருஷ்டியைக் காரணங்காட்டுகின்றது. உபாகமமோ, எகிப்தின் அடிமை வாழ்வை நினைவூட்டி, வேலைக்காரனும் வேலைக்காரியும் எஜமானைப் போலவே இளைப்பாறக் கட்டளையிடுகின்றது.

கி.பி. 321இல் ரோமச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் ஞாயிற்றை ஓய்வுநாளாக்கினான். நகரத்தார் ஓய்ந்திருக்க, உழவரை மட்டும் உழைக்க விட்டான், பருவம் தவறிவிடுமாம்! தோட்டத்துத் தமிழராகிய நமக்கு இத்தகைய சமாதானம் புதிதன்று.

அன்பர்களே! விடுதலை பெற்றவன் பிறரையும் விடுவித்தலே திருநாளின் ஆத்மார்த்தம். நாம் ஆலயத்தில் துதிக்க, நம் அடுக்களையில் ஒருத்தி ஓய்வின்றி உழைப்பாளாயின், நாளைக் கொண்டாடினோம், கட்டளையைக் கைவிட்டோம். வரும் ஞாயிறு முதல் அவளுக்கும் விடுமுறை அளிப்போமாக!