ஒரே ஒரு தீர்மானம்



நம் பக்கத்துக் குடுமியான்மலைப் பாறையிலுள்ள சங்கீதக் கல்வெட்டை அறிவீர்கள். அரசன் ஒருவன் மாணாக்கரின் நன்மைக்காக, ஸ்வரங்களை நான்கு நான்காய் அடுக்கி, ஏழு பிரிவாகக் கிரந்த எழுத்தில் வெட்டுவித்தான். 1,200 ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அது பாட்டன்று, பயிற்சி. நாள்தோறும் மீட்டினவனுக்கே விரல் படியும்.

ஞான ஜீவியமும் அப்படியே. ஜனவரி 1-ந் தேதி, தேவமாதாவின் திருநாளில் பூசை கண்டு பத்துத் தீர்மானம் எடுக்கிறோம். பொங்கல் பானை இறக்குமுன் பத்தும் போய்விடுகின்றன. பத்தாக எடுத்ததே காரணம்.

அர்ச். இஞ்ஞாசியார் ஒரே குற்றத்தைப் பிடிக்கச் சொல்கிறார். 1548-ல் பாப்பரசர் 3-ம் சின்னப்பர் அங்கீகரித்த அவருடைய ஞானப் பயிற்சிப் புத்தகத்தில், வாரத்தின் ஏழு நாளுக்கும் கோடுகள் உண்டு. காலையில் எழுந்ததும் அக்குற்றத்தை நினைத்து எச்சரிக்கையாகிறது. தவறின கணமே நெஞ்சில் கைவைத்து மனஸ்தாபப்படுகிறது. மத்தியானமும், இராச் சாப்பாட்டுக்குப் பின்னும், விழுந்த தடவைக்கு ஒரு புள்ளி.

உங்கள் வீட்டில் அந்த ஒன்று எது? ஜெபமாலை சொன்ன வாயாலேயே மருமகளை ஏசுவதா? கூலியைப் பாதி வழியில் குடித்துவிடுவதா? வரப்புத் தகராறில் அண்ணன் தம்பி பேசாதிருந்து, அடுத்தடுத்து நின்று நன்மை வாங்குவதா? (இதற்குப் புள்ளி போதாது. அவன் வீட்டுக்கு நடந்தே போகவேண்டும்.)

இன்றிரவே பிள்ளையின் பழைய நோட்டில் ஏழு கோடு இழுங்கள். இந்த வாரப் புள்ளிகளைப் போன வாரத்தோடு ஒத்துப் பாருங்கள். எழுதத் தெரியாத பெரியவர்கள் கொட்டாங்கச்சியில் புளியங்கொட்டை போட்டு வரட்டும்.