அழகா, ஆணவமா?





பிரிட்டனின் ஆடம்பர ஆடை வியாபாரத்தில் பர்பெரி பெரிய பெயர். 1856இல் தொடங்கிய நிறுவனம். விற்காமல் நின்ற ஆடைகள், வாசனைத் திரவியங்கள் என 2 கோடியே 86 லட்சம் பவுண்டு மதிப்புள்ள சரக்கை ஒரே ஆண்டில் அழித்த செய்தி, 2018இல் அவர்களது ஆண்டறிக்கை மூலம் வெளியே வந்தது. மலிவாக விற்றால் பிராண்டின் மதிப்பு போய்விடும் என்பதுதான் ஆடம்பரக் கடைகளின் கணக்கு. எதிர்ப்பு கிளம்பியதும், அந்த செப்டம்பரிலேயே இனி அழிப்பதில்லை என்று அறிவித்தார்கள்.

நம் பக்கத்துப் பல்லாவரத்தைப் பாருங்கள். அங்கே வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய நாற்காலி, பழைய மிக்ஸி, பழைய செருப்புக்குக்கூட இன்னொரு சொந்தக்காரர் கிடைத்துவிடுகிறார். அங்கே புதியது அழிந்தது. இங்கே பழையது வாழ்கிறது.

அப்படியானால் விலை உயர்ந்ததை வாங்குவதே பாவமா? இல்லை. நல்ல ஆடையும் நல்ல காலணியும் அணிய ஒருவர் விரும்புவது பெருமையாகுமா என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டது. அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறான் என்றும், பெருமை என்பது உண்மையை மறுப்பதும் மனிதர்களை இழிவாகப் பார்ப்பதும்தான் என்றும் விளக்கினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இது பதிவாகியுள்ளது.

ஆகவே கேள்வி விலையைப் பற்றியது அல்ல. தரத்துக்காக வாங்கிய காலணி, பக்கத்து வீட்டுக்காரரும் அதையே வாங்கினால் உங்களுக்குக் கசக்காது. கசந்தால், நீங்கள் காசு கொடுத்தது தோலுக்கு அல்ல. அவரிடம் அது இல்லை என்பதற்கு. சரக்கை அழித்தவர்கள் காப்பாற்றியதும் அந்த "இல்லை"யைத்தான்.

இளைஞர்களே! இதற்காக வட்டிக்குத் தவணை போட்டு போன் வாங்குகிறோமே, பிறர் பார்வைக்காக ஹராமைச் சுமப்பது எவ்வளவு பெரிய நஷ்டம்!

நானும் இதில் தப்பவில்லை. ஒரு நிகாஹ் மஜ்லிஸில் விலை உயர்ந்த வாட்ச் கட்டியிருந்தவருக்கு எழுந்து இடம் கொடுத்தேன். பக்கத்தில் ஒரு முதியவர் நின்றுகொண்டிருந்ததை அவர் நகர்ந்த பிறகுதான் கவனித்தேன். அந்த வாட்ச் என் கையில் இல்லை. பெருமை மட்டும் என் கண்ணில் இருந்தது.

தொழும் இடத்துக்கு அலங்காரத்தோடு வரச் சொல்லும் அஃராஃப் சூராவின் 31ஆம் வசனமே, வீண் விரயம் செய்வோரை அல்லாஹ் நேசிப்பதில்லை என்றும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள். இன்று ஜும்ஆ முடிந்து வீட்டுக்குப் போனதும் அலமாரியைத் திறந்து பாருங்கள். உடுத்தாமல் கிடப்பதில் நல்லதாக ஒன்றை எடுத்து, தேவையுள்ளவருக்குக் கொடுங்கள், கிழிந்ததை அல்ல.

பள்ளிவாசல் வாசலில் எல்லாச் செருப்பும் ஒரே ஸ்டாண்டில்தான் கிடக்கின்றன. உள்ளே ஸஃப்பில் நிற்பது வெறும் கால்கள்.

அழகை விரும்பி ஆணவத்தை வெறுக்கும் உள்ளத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.