கழுத்தில் தொங்கும் காது

வாழ்த்துகள், டாக்டர்!

இத்தனை நாளும் வீட்டில் பாட்டியும், தெருவில் பக்கத்து வீட்டு மாமாவும் செல்லமாக அப்படிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாலரை வருடம் படிப்பு, ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜன் என எல்லாவற்றையும் முடித்துவிட்டீர்கள். இனி அது செல்லப் பெயர் இல்லை, பொறுப்பு.

அந்தப் பெயரை நம்பி, முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் முன்னால் சட்டையைக் கழற்றுவார். கட்டிய மனைவியிடமும் பெற்ற பிள்ளையிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்வார். யோசித்துப் பாருங்கள்... அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்க நீங்கள் இன்னும் எதுவுமே செய்யவில்லை. உங்களுக்கு முன்னால் வந்த எத்தனையோ டாக்டர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்துவைத்த சொத்து அது. அதை அப்படியே தூக்கி உங்கள் கையில் கொடுத்திருக்கிறார்கள். கூட்டுவதும் கரைப்பதும் இனி உங்கள் பாடு.

இந்த மாதிரி நேரத்தில் பெரியவர்கள் வழக்கமாக என்ன சொல்வார்கள்? 'கிராமத்துக்குப் போங்க... ஏழைகளுக்கு இலவசமா பாருங்க... பணத்துக்கு ஆசைப்படாதீங்க!' எல்லாம் நல்ல விஷயம்தான். நான் கேட்கப்போவது அதையெல்லாம்விட ரொம்பச் சின்னது. ஆனால், தினம் தினம் கடைப்பிடிப்பது அவற்றைவிடக் கஷ்டம்.

உங்கள் கழுத்தில் தொங்குகிறதே ஸ்டெதாஸ்கோப், அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

1816-ம் வருடம். பாரிஸில் நெக்கர் மருத்துவமனை. இதயக் கோளாறு அறிகுறிகளோடு ஓர் இளம்பெண், டாக்டர் ரெனே லென்னெக்கிடம் வருகிறார். அந்தக் காலத்தில் நெஞ்சின் ஓசையை அறிய, மார்பில் நேரடியாகக் காதை வைத்துக் கேட்பார்கள். லென்னெக்குக்குக் கூச்சம். ஒரு காகிதத்தை இறுக்கமாகச் சுருட்டினார். ஒரு முனையை அந்தப் பெண்ணின் மார்பிலும், மறு முனையைத் தன் காதிலும் வைத்தார். நேரடியாகக் காதை வைத்துக் கேட்பதைவிடத் தெளிவாகக் கேட்டது இதயத் துடிப்பு! பிறகு அந்தக் காகிதக் குழல் மரக் குழலானது. இன்றைக்கு உங்கள் கழுத்தில் மாலையாகியிருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவர் 1826-ல், 45 வயதில் காசநோயால் இறந்துபோனார்.

டாக்டர் என்றதும் கார்ட்டூனிஸ்ட்கூட முதலில் வரைவது அந்தக் குழலைத்தான். கத்தியை அல்ல, ஊசியை அல்ல. கேட்பதற்கான ஒரு கருவியை!

'அதெல்லாம் அந்தக் காலம் சார். இப்போ ஸ்கேன் எடுத்தா எல்லாம் தெரிஞ்சுடுமே!' என்பீர்கள்.

தெரியும்தான். ஆனால், இதையும் கேளுங்கள். 1975-ல் பிரிட்டனில் ஓர் ஆய்வு செய்தார்கள். வெளிநோயாளிகளாக வந்த 80 பேரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு என்ன நோய் என்று டாக்டர்கள் எந்தக் கட்டத்தில் சரியாகக் கண்டுபிடித்தார்கள்? 66 பேருக்கு, பரிந்துரைக் கடிதத்தைப் படித்து, அவர்கள் சொன்னதைக் கேட்டு முடித்தபோதே விடை கிடைத்துவிட்டது. தொட்டுப் பரிசோதித்ததால் விடை கிடைத்தது 7 பேருக்கு. லேப் டெஸ்ட்டால் கிடைத்தது இன்னும் 7 பேருக்கு. அதற்குப் பிறகு கருவிகள் எவ்வளவோ வளர்ந்துவிட்டன. ஆனால், எந்தக் கருவியை எங்கே வைத்துப் பார்ப்பது என்று முதலில் வழி காட்டுவது இன்றைக்கும் நோயாளியின் வாய்தான்.

அந்த வாயை எவ்வளவு நேரம் பேசவிடுகிறோம்? அதையும் அளந்திருக்கிறார்கள். 1984-ல் அமெரிக்காவில் 74 நோயாளிகளின் உரையாடல்களைப் பதிவுசெய்து பார்த்தார்கள். நோயாளி பேச ஆரம்பித்து, சராசரியாகப் 18-வது விநாடியில் டாக்டர் குறுக்கே புகுந்துவிடுகிறார். 1999-ல் இன்னோர் ஆய்வு. அதில் 23 விநாடி. பதினைந்து வருடங்களில் ஐந்து விநாடி முன்னேற்றம்!

டாக்டர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்பதா இதற்கு அர்த்தம்? நிச்சயமாக இல்லை. அவர்கள் கெட்டிக்காரர்கள், அதனால்தான் இது நடக்கிறது. முதல் இரண்டு வாக்கியங்களிலேயே அவர்கள் மனதில் ஒரு விடை வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு காது மூடிக்கொள்கிறது. படித்த படிப்பே காதை அடைத்துவிடுகிற விநோதம் இது.

ஒரு பெரியவர் வருகிறார் என்று வையுங்கள். சர்க்கரை வியாதி. போன தடவை மாத்திரை எழுதிக் கொடுத்தீர்கள். இந்த முறை டெஸ்ட்டில் சர்க்கரை இன்னும் ஏறியிருக்கிறது.

'மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?'

'சாப்பிடுறேங்கய்யா... ஆனா...'

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு அவர் சொல்ல வந்தது இதுதான். 'ரெண்டு வேளை எழுதியிருந்தீங்க. வெளியில வாங்குறதுக்குக் கட்டுப்படியாகல. ஒரு வேளைதான் போட்டுக்கறேன்.'

நீங்கள் அதற்குள் பேனாவைத் திறந்துவிட்டீர்கள். மாத்திரையின் அளவு கூடுகிறது. விலையும் கூடுகிறது. இனி அவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுவார். அடுத்த முறை வரும்போது காலில் புண்ணோடு வருவார். நீங்கள் எழுதிய மருந்து சரி. படித்த பாடமும் சரி. 'ஆனா' என்ற ஒரு வார்த்தையை விட்டதுதான் தவறு.

அதனால்தான் சொல்கிறேன். காதுகொடுப்பதை 'இரக்கம்' என்ற கணக்கில் எழுதாதீர்கள். இரக்கம் என்றால், நேரம் இருந்தால் செய்யலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். காதுகொடுப்பது வைத்தியம். அதில் பாதியை விட்டால், பாதி வைத்தியம்தான் செய்ததாக ஆகும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். 'வெளியே நூறு பேர் க்யூவில் நிற்கிறார்கள். ஒருவர் கதையை முழுக்கக் கேட்டால், மற்றவர்களுக்கு அநியாயம் இல்லையா?'

சரியான கேள்வி. 67 நாடுகளின் கணக்கை 2017-ல் தொகுத்து வெளியிட்டார்கள். ஒரு நோயாளிக்கு டாக்டர் ஒதுக்கும் நேரம், ஸ்வீடனில் சராசரி இருபத்திரண்டரை நிமிடம். நம் பக்கத்தில் இருக்கும் வங்கதேசத்தில் 48 விநாடி. இதற்குத் தனி ஒரு டாக்டரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. டாக்டர்களை அதிகமாக்குவது அரசாங்கத்தின் வேலை. அதைக் கேட்டு வாங்குவது நம் எல்லோருடைய வேலை.

ஆனால், அந்த 1999-ம் வருட ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. குறுக்கே பேசாமல், நோயாளியை அவர் குறையைச் சொல்லி முடிக்கவிட்டபோது, சராசரியாக எவ்வளவு நேரம் அதிகமானது தெரியுமா? ஆறு விநாடி! நாம் நினைக்கிற மாதிரி யாரும் ராமாயணம் பாடுவதில்லை. க்யூவில் நிற்கும் நூறு பேருக்கும் தலைக்கு ஆறு விநாடி கொடுத்தால், மொத்தம் பத்து நிமிடம். ஒரு டீ குடிக்கிற நேரம்.

சில நாட்களில் அதுவும் முடியாது. கேஷுவாலிட்டியில் உயிருக்குப் போராடும்போது யாரும் கதை கேட்க முடியாது. அப்போதும், வெளியே நிற்கும் மனைவியிடம் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போகலாம். ஆஸ்பத்திரியில் உறவைப் பறிகொடுத்தவர்கள் ரொம்ப நாள் கழித்தும் சொல்லிச் சொல்லி அழுவது, 'என்ன நடக்குதுன்னு யாருமே சொல்லலையே' என்றுதான்.

திருக்குறளில் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் உண்டு. நோய் என்ன, அதன் காரணம் என்ன, தீர்க்கும் வழி என்ன என்று ஆராயச் சொல்லும் 948-வது குறளை ஆஸ்பத்திரிச் சுவர்களில் நிறையப் பார்க்கலாம். இரண்டு குறள் தள்ளி, 950-வது குறளை அதிகம் பார்க்க முடிவதில்லை. வைத்தியத்துக்கு நான்கு பங்காளிகள் என்கிறார் வள்ளுவர். முதலில் நோயாளி. இரண்டாவதாகத்தான் டாக்டர். பிறகு மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர். நான்கில் ஒரு பங்குதான் நீங்கள். இது உங்களைச் சிறுமைப்படுத்துவதற்கு அல்ல. முழுப் பாரத்தையும் ஒற்றை ஆளாகச் சுமக்க வேண்டாம் என்ற ஆறுதலும் அதில் இருக்கிறது.

இன்னொன்று. உலக மருத்துவச் சங்கம் 1948-ல் ஜெனீவாவில் டாக்டர்களுக்கான உறுதிமொழி ஒன்றை உருவாக்கியது. கிட்டத்தட்ட எழுபது வருடம் கழித்து, 2017-ல்தான் அதில் ஒரு விஷயத்தைச் சேர்த்தார்கள். நல்ல சிகிச்சை தருவதற்காக, டாக்டர் தன் உடல்நலத்தையும் மனநலத்தையும் கவனித்துக்கொள்ள வேண்டும் என்பது அது. இரவெல்லாம் விழித்தவருக்கு அடுத்தவர் பேசுவது காதில் ஏறாது. ஆகவே, உங்கள் உடம்பும் மனசும் முனகுவதையும் கேளுங்கள். 'என்னால முடியல' என்று சீனியரிடம் சொல்வது அவமானம் இல்லை. அழுகை வந்தால் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வாருங்கள்.

தமிழில் 'கேள்' என்று ஒரு சொல். விசாரிப்பதும் கேட்பதுதான்; காதுகொடுப்பதும் கேட்பதுதான். 'என்ன செய்யுது?' என்ற முதல் வேலையை எல்லா டாக்டர்களும் செய்துவிடுகிறார்கள். இரண்டாவது வேலையில்தான் நல்ல டாக்டர் தனியாகத் தெரிகிறார். பழந்தமிழில் இந்தச் சொல்லுக்கு மூன்றாவதாக ஓர் அர்த்தமும் உண்டு. கேள் என்றால் உறவு!

நாளைக்கு உங்கள் முதல் நோயாளி வந்து உட்காருவார். கேளுங்கள், டாக்டர்... அவர் சொல்லி முடிக்கும்வரை.